தலையணை உறைக்குள் ஒரு பூட்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரின் கையைச் சரிசெய்ய நான் மூன்று மாதம் அவரோடு அலைந்தது பாசத்தால் இல்லை. அவர் என் வீட்டுக்குக் குடிவந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும். அவரிடமே இதை நேராகச் சொன்னவள் நான். அவரும் நேராகவே, "எனக்கு மட்டும் தினம் காலைல உன் மூஞ்சில முழிக்கணும்னு ஆசையா?" என்று கேட்டார். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தாயிற்று. நான் மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடிப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், மடிப்பார், அவ்வளவுதான். நான் அதைப் பிரித்துப் பழையபடி மடித்து வைப்பேன். அப்படி நாங்கள் இரண்டு பேரும் மடித்தே ஒரு துண்டு நைந்துபோயிருக்கிறது. அதற்குமேல் தாங்காது என்று தனித்தனி வீடானோம். மாமனார் போன பிறகும் அவர் தன் வீட்டிலேயே தனியாக இருந்தார். அது அவர் சம்பாதித்து வாங்கிய வீடு. இரண்டாவது மாடி, இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல்.

அவர் மாத்திரைக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். பேக்கிங் செக்‌ஷன். மெஷினிலிருந்து மாத்திரை அட்டைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எந்த அட்டையிலாவது ஒரு குழி காலியாக இருந்தால் அதைப் பிடித்து ஒதுக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் அரை மணி நேரத்தில் கண் பூத்துப்போகும் என்று அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மாதம் கையை ஒரு துணிக்கு அடியில் வைத்துத்தான் பழக்குவார்களாம். கை துணிக்குக் கீழே, அட்டை கைக்குள்ளே, கண்ணுக்கு வேலையே கிடையாது. கட்டைவிரல் அட்டைமேல் ஓடும்போதே காலிக் குழி தட்டுப்பட வேண்டும். என் மாமியாரின் கட்டைவிரல் அதில் பேர்போனது. வாய் பக்கத்து மேஜைக்காரியோடு கதை பேசிக்கொண்டிருக்கும், கண் சூப்பர்வைசரை முறைத்துக்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடி "காலி" என்று அட்டையைத் தூக்கிப் போடும். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஸ்கேனர்'.

அந்தக் கைதான் ஒரு மத்தியானம் அவரை நடுத்தெருவில் நிறுத்தியது. நடுத்தெரு என்றால் நடுத்தெரு இல்லை, அவர் வீட்டு மாடிப்படி. வாசல் கதவில் தொங்குவது ஒரு பழைய ஏழு லீவர் பித்தளைப் பூட்டு. சாவித் துவாரத்தின் மேல் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதை ஒரு கை நகத்தால் தள்ளிப் பிடித்துக்கொண்டே மறு கையால் சாவியை விட்டு, லேசாகத் தன் பக்கம் இழுத்தாற்போல் வைத்துத் திருப்ப வேண்டும். கடைக்குப் போய்த் திரும்பியவருக்கு அன்றைக்கு அது முடியவில்லை. சாவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை கைப்பிடிக் கம்பி இடுக்கு வழியாகக் கீழ்த்தளம் வரைக்கும் போய் விழுந்தது. எழுபத்திரண்டு வயதில் இரண்டு மாடி இறங்கி ஏறி, மறுபடி முயன்று, முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் பார்த்து எங்களுக்குப் போன் செய்தார்.

நாங்கள் போனபோது மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். பால் பாக்கெட் உடைந்து படியெல்லாம் பால்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் என் கணவர்.

"விரல் இருக்கு. அதுல சாவி இருக்கா இல்லையான்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார். அழவில்லை. யாரோ தன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரிக் கோபமாகச் சொன்னார்.

என் கணவர் நல்லவர். நல்லவர் ஒரு முடிவெடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. கதவைத் திறந்து உள்ளே போய் உட்காருவதற்குள் முடிவெடுத்துவிட்டார்.

"போதும்மா. தனியா இருந்தது போதும். நம்ம வீட்டுக்கு வந்துடு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

"அது உங்க வீடு. என் வீடு இது."

"நாளைக்கே கேஸை மூட முடியலைன்னா? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு எடுக்க முடியலைன்னா? யாரு ஓடி வர்றது?"

கேட்டது நியாயம்தான். நியாயம் என்பதுதான் எனக்குச் சிக்கல். எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளாகச் சண்டை வந்து நிற்கும். அலமாரியில் மடித்து வைத்திருக்கும் துணிகள் எல்லாம் ஒரு நிமிடம் கண்முன் வந்துபோயின.

"மூணு மாசம் குடு" என்றார் மாமியார். "கையைச் சரி பண்ணிக்கறேன். இதே பூட்டை உன் கண்ணு முன்னாடி மூணு தடவை தொறந்து மூடிக் காட்டறேன். முடியலைன்னா நானே பெட்டியைக் கட்டறேன். முடிஞ்சா இந்தப் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது."

கணவர் தலையாட்டினார். முடியாது என்ற தைரியத்தில்தான் ஆட்டினார் என்பது எனக்கும் தெரியும், அவர் அம்மாவுக்கும் தெரியும். மாமியார் எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டி, மூன்று மாதம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார். பேனா பிடிக்கிற கை வழுக்கி வட்டம் முட்டை மாதிரி வந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்.

கையைப் பார்த்த டாக்டர் ஊசியால் குத்தி, பஞ்சால் தடவி, ஏதோ மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா. நரம்பு கொஞ்சம் மந்தமாகும். ஏத்துக்கணும்."

"ஏத்துக்கறதுக்கு நாளைக்கு எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் மாமியார்.

டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒரு சீட்டில் கிறுக்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் இருந்த கைப்பயிற்சி அறைக்கு எங்களை அனுப்பிவிட்டார்.

நீளமான அறை. வரிசையாக மேஜைகள், மேஜைமேல் பொத்தான்கள், நட்டு போல்ட்டுகள், துணி கிளிப்புகள், பாசிமணி. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று நினைத்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டோடு வந்து, "வாங்க பாட்டி, உக்காருங்க" என்றாள்.

"நான் எப்போ உனக்குப் பாட்டியானேன்?"

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரிங்க... அம்மா."

"அது பரவாயில்ல. சொல்லு."

அவள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் முனையில் பிளாஸ்திரி மாதிரி இரண்டு ஒட்டு. அதை மணிக்கட்டில் ஒட்டிப் பெட்டியைத் திருகினாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் இருக்கணும். விரல் துடிக்கக் கூடாது, வலிக்கக் கூடாது. இந்தக் கரண்ட் உங்க வேலையைச் செஞ்சு குடுக்காதும்மா. தூங்கற நரம்பைத் தட்டி எழுப்பும். எழுந்த உடனே அதுக்கு வேலை குடுக்கணும். குடுக்கலைன்னா திரும்பிப் படுத்துக்கும்."

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தி இப்படித்தான் இருந்தா" என்றார் மாமியார்.

"எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு நல்லா கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்ல."

"அந்தச் சில பேரைப் பத்தி எனக்கென்ன? வேலையைக் குடு."

அவள் கொடுத்தது ஒரு பலகை. அதில் ஒன்பது துளை, பக்கத்தில் ஒன்பது குச்சி. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துளையில் சொருகி, மறுபடி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவள் கடிகாரத்தை அழுத்தினாள். முதல் நாள் என் மாமியாருக்கு ஐம்பத்தெட்டு வினாடி ஆயிற்று. நடுவில் மூன்று குச்சி தரையில். அந்த வயதுக்கு அதில் பாதி நேரம் போதுமாம். 'ஸ்கேனர்' உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். சூப்பர்வைசர்களை அப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள் நான் கூட்டிக்கொண்டு போனேன். மற்ற நாட்களுக்குக் 'கரண்ட்காரி' (அந்தப் பெண்ணுக்கு மாமியார் வைத்த பெயர்) பெட்டியையும் பலகையையும் வீட்டுக்கே கொடுத்தாள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. நான் போன் செய்தால் எடுத்தவுடன், "நாப்பத்தி நாலு" என்பார். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. இரண்டு நாள் கழித்து "நாப்பத்தி ஒண்ணு". ஆறாவது வாரம் "இருபத்தாறு" என்றபோது எனக்கே ஆட்டம் போடலாம் போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, முட்டை வட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே, மகனைக் கூப்பிட்டுவிட்டார்.

"மூணு மாசம் எதுக்கு? இன்னிக்கே பாத்துக்க" என்று கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியை எடுத்தார்.

மூடி நகர்ந்தது. சாவி துவாரத்தைத் தேடி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. எப்படியோ உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று விரலுக்குத் தெரியவில்லை. தெரியாததால் வெறிபிடித்த மாதிரி அழுத்தினார். சாவி தெறித்துக் கீழே விழுந்தது. நான்கு தடவை அப்படி. ஐந்தாவது தடவை விழுந்ததும் என் கணவர் குனிந்து சாவியை எடுத்துத் தானே திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். அந்த மரியாதைதான் என் மாமியாரைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. நம்பர் எதுவும் சொல்லவில்லை. "கை மூடிக்கிச்சு. தொறக்க மாட்டேங்குது. அவன்கிட்ட சொல்லாத" என்றார். 'அவன்' என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது.

நடந்தது இதுதான். எறும்பு ஊர்கிற அளவுக்கே இவ்வளவு பலன் என்றால், கூட வைத்தால் கூடப் பலன் என்று கணக்குப் போட்டுப் பெட்டியை முக்கால்வாசி திருகிவிட்டார். விரல் சுருண்டு, முழங்கை வரைக்கும் வலித்து, ஒட்டு இருந்த இடம் சிவந்துவிட்டது. பெட்டியை நிறுத்தி இரண்டு மணி நேரத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. கரண்ட்காரி விட்ட டோஸ்தான் அடங்க நேரமாயிற்று. "கூட வச்சா வேகமா சுத்தறதுக்கு இது என்ன ஃபேனா? உங்களை நம்பித்தானே வீட்டுக்குக் குடுத்தேன்?" என்று அவள் கத்த, என் மாமியார் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாரிடமும் அப்படித் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எனக்குப் பொறுக்கவில்லை.

என் கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "இந்தக் கரண்ட் விளையாட்டு இதோட போதும். மாசக் கடைசியில சாமானைக் கட்டலாம்."

"தேதி காலண்டர்ல இருக்கு" என்றார் மாமியார்.

"என்னமோ பண்ணுங்க." அவர் 'என்னமோ பண்ணுங்க' என்றால் ஏதோ செய்யப் போகிறார் என்று அர்த்தம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த தடவை பயிற்சிக்குப் போனபோது என் மாமியார் பலகையைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பித்தளைப் பூட்டை எடுத்து மேஜைமேல் டங்கென்று வைத்தார். வீட்டுக்கு அன்றைக்கு வேறு ஏதோ சின்னப் பூட்டுப் போட்டிருந்தார்.

"உன் குச்சிய நான் கண்ணால பாத்துத்தான் எடுக்கறேன். கண்ணு சொல்லுது, விரல் போகுது. என் விரலுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. பூட்டை இழுத்துப் புடிக்கறதுக்குக் கண்ணு என்ன செய்யும்?"

கரண்ட்காரி யோசித்தாள். "அதும் சரிதாம்மா. எதைப் பழகறோமோ அதுதான் வரும். பூட்டுதான் வேணும்னா பூட்டையே பழகணும்."

"பழகறேன். ஆனா எங்க கம்பெனி மாதிரி பழகறேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தைக்கத் தெரியுமில்ல?"

அன்று மத்தியானம் பழைய தலையணை உறை ஒன்றின் இரண்டு பக்கமும் வெட்டி, என் கணவரின் பழைய சட்டையிலிருந்து இரண்டு கைகளை எடுத்து ஒட்டித் தைத்தேன். பூட்டும் சாவியும் உறைக்குள்ளே போகும். சட்டைக் கை வழியாகக் கையை விட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்க்க ரொம்பக் கேவலமாக இருந்தது. மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரித்துத் திரும்பத் தைப்பார் என்று காத்திருந்தேன். "தையல் கெட்டியாத்தான் இருக்கு" என்றார். என் வாழ்நாளில் அவரிடம் வாங்கிய முதல் சர்டிபிகேட்.

"என்ன பெரிய விஷயம், குடுங்க அத்தை" என்று முதலில் நான் கையை விட்டுப் பார்த்தேன். எனக்கு நாற்பத்தி நாலு வயது, கையில் ஒரு கோளாறும் இல்லை. ஆறு நிமிடம் ஆகியும் அந்தப் பாழாய்ப்போன மூடி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. மாமியார் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

அவருக்கு முதல் நாள் இருபது நிமிடமாயிற்று. மணிக்கட்டில் எறும்பு ஊரும் அளவுக்கு மட்டும் கரண்ட், கை உறைக்குள்ளே. கண் மட்டும் சும்மா இருக்காமல் என்னையே முறைத்துக்கொண்டிருக்கும். நடுநடுவே கரண்ட்காரி உறைக்குள் பொத்தான், பாசிமணி, நாணயம் எல்லாம் போட்டு, "இது என்ன சொல்லுங்க" என்பாள். "உன் கோட்டுப் பட்டன்" என்பார். பாதி தப்பாக இருக்கும். தப்பானால் மறுபடி. சில நாள் கோபம் வந்து உறையைத் தூக்கிச் சுவரில் அடிப்பார். அடித்துவிட்டுத் தானே போய் எடுத்துக்கொண்டு வருவார்.

பத்தாவது வாரம் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஒரு கை, பார்வை வெளியே. நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர், "காலி" என்றார்.

"என்ன காலி?"

கைப்பைக்குள்ளிருந்து தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மூலையில் ஒரு குழி காலி. கட்டைவிரல் அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் என் வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும், எதற்கு இந்த அழுகை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பழைய ஸ்கேனர் அப்படியே திரும்பி வந்துவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். சுண்டு விரலும் மோதிர விரலும் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கை கட்டையாக இருக்கும். ஆனால் கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரல்கள் இரண்டும் விழித்துக்கொண்டன. பூட்டு உறைக்குள் ஒரு நிமிடத்தில் திறந்தது. மறுபடி கதவுக்கே போய்த் தொங்கியது. வீட்டுப் பயிற்சிக்கு அதே மாதிரி இன்னொன்று வாங்கிக்கொண்டோம்.

வட்டம் போட்ட ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து நாலு மணிக்கு வந்தோம். படியேறும்போதே மேலே மெஷின் ஓடும் சத்தம். இரண்டாவது மாடியில் மரத்தூள் இறைந்து கிடந்தது. பூட்டுக்காரர் ஒருவர் மண்டியிட்டு மாமியாரின் கதவைத் துளைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கணவர். பூட்டு மாட்டுகிற கொண்டியையும் நாதாங்கியையும் கழற்றியாயிற்று. அந்த இடத்தில் நான்கு ஓட்டை. கதவில் நம்பர் அழுத்தித் திறக்கிற புதுப் பூட்டு பாதி ஏறியிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"வீடு பாக்க ஆள் வராங்க. நம்பர் சொன்னாப் போதும், அவங்களே தொறந்து பாத்துப்பாங்கன்னு புரோக்கர் சொன்னார்."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? இன்னும் மூணு நாள் இருக்கு. உங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கத்தவில்லை. எனக்குப் பயமே அதனால்தான் வந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று மகனைக் கேட்டார்.

"வியாழன். அம்மா, கேளு..." என்றார் என் கணவர். "அன்னிக்கு நீ பட்ட பாட்டை நான் பாத்தேன்ல? அந்தச் சாவிய நாலு தடவை குனிஞ்சு எடுத்தியே. மறுபடியும் என் முன்னாடி நீ தோத்து நிக்கறதை என்னால பாக்க முடியாதும்மா. அதான் அந்தப் பரிட்சையே வேணாம்னு..."

"அதனால பூட்டையே எடுத்துட்ட."

அவர் காலால் மரத்தூளை ஓரமாகத் தள்ளினார்.

"பூட்டு எங்க?"

பூட்டுக்காரர் சுவரோரம் கிடந்த தன் கேன்வாஸ் பையைக் காட்டினார். "பூட்டி உள்ள போட்டுட்டேம்மா. பழசு நிறைய கெடக்கு, இருங்க, தேடி எடுத்துத் தரேன்."

"நீ கையை எடு" என்றார் மாமியார்.

அன்றைக்குப் பால் கொட்டிய அதே படியில் உட்கார்ந்தார். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து வலது கையில் பிடித்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டார். கண் மகன்மேல். இமைகூட அசையவில்லை.

உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. "இது இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இதுவும் இல்ல." தோள் அசைவு நின்றது. பூட்டு கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதன் ஒரு மூலை எப்போதோ படியில் விழுந்து நசுங்கிப்போனது, கட்டைவிரல் அதைத்தான் தேடியிருக்கும். இப்போது மூடியைத் தள்ளுகிறார். இப்போது சாவி. அப்போது 'ணங்' என்று ஒரு சத்தம்.

சாவி நழுவி விழுந்துவிட்டது. அந்தப் பையின் அடியில் சில்லறை மாதிரி நாற்பது ஐம்பது பழைய சாவிகளாவது கிடந்திருக்கும். என் கணவர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார்.

"அங்கயே நில்லு" என்றார் அவர் அம்மா.

பூட்டுக்காரர் கையில் மெஷினைப் பிடித்தபடி மண்டியிட்டே இருந்தார். மாமியாரின் தோள் மெதுவாக அசைந்தது. ஒரு சாவியை எடுத்துப் பல்லைத் தடவிப் பார்ப்பது, போடுவது, இன்னொன்றை எடுப்பது. "இல்ல... இல்ல... இல்ல." மாத்திரை அட்டைகளை ஒதுக்குகிற அதே அலட்சியக் குரல். எத்தனை போட்டாரோ தெரியாது. பிறகு அந்தக் குரல் நின்றது. உதட்டோரம் லேசாகக் கோணியது.

டக்.

கையை வெளியே எடுத்தார். பூட்டு வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

"ஒண்ணு" என்றார்.

"அம்மா, போதும்மா..."

"மூணுன்னு பேச்சு." பூட்டை அழுத்தி மூடி, சாவியோடு பைக்குள் விட்டுக் கையால் ஒரு கலக்குக் கலக்கினார். இரண்டாவது தடவை பாதி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது தடவை நான் எண்ணிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். பூட்டுக்காரர்தான் எண்ணியிருக்கிறார். "மூணும்மா!" என்று கத்தினார். "இந்தத் தொழில்ல நான் இருபது வருஷமா இருக்கேன், பையைப் பாக்காம எனக்கே..."

"இருபது வருஷமா இருக்கறவருக்கு இந்த நாலு ஓட்டைய அடைச்சு, என் கொண்டியப் பழையபடி மாட்டத் தெரியுமா?" என்றார் மாமியார்.

"தெரியும்மா."

"மாட்டு." மகன் பக்கம் திரும்பினார். "இது யாரு வீடு?"

என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. "உன் வீடும்மா."

"நான் இல்லாதப்போ எப்படித் தொறந்த?"

"என்கிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல, அதுல."

"குடு."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமியார் கட்டைவிரலால் அதன் பல்லை ஒரு தடவை தடவிப் பார்த்து, அதுதான் என்று நிச்சயம் செய்துகொண்டு, என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டார். நல்ல அழுத்தம். எனக்கு வலித்தது.

"இது இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வா. நான் எங்கயாவது வெளிய போயிருப்பேன்."